எந்தக் கணினியிலும் திறக்கும் தரவு வட்டு: தமிழ்க் கோப்புப் பெயர்களோடு தயாரிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்திருந்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு ஆகியவற்றை ஒரு டிவிடியில் எழுதிக் கொடுத்தேன். என்னிடம் இருப்பது லினக்ஸ் கணினி. எழுதி முடித்த வட்டை அதே கணினியில் போட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு பாட்டும் தன் முதலடியையே பெயராகக் கொண்டு வரிசையாக நின்றது. மறுநாள் ஐயா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பாட்டெல்லாம் பாடுது. எது எந்தப் பாட்டுன்னுதான் தெரியல. பேரெல்லாம் கோடு கோடா இருக்கு" என்றார். அவர் வைத்திருந்தது விண்டோஸ் கணினி. எழுதும் நிரலில் 'லினக்ஸுக்கு மட்டும்' என்று பொருள்படும் தேர்வை மாற்றாமல் விட்டிருந்தேன். அந்த ஒரு தேர்வினால், அவர் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்த பாட்டுகள் எல்லாம் அவருடைய கணினியில் பெயரிழந்து போயிருந்தன.

அன்று நான் கற்றது இதுதான்: ஒரு வட்டில் தரவு ஒருமுறைதான் எழுதப்படுகிறது, ஆனால் அந்தத் தரவுக்கான பெயர்ப் பட்டியல்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம், ஒவ்வோர் இயங்குதளமும் தனக்குப் பழக்கமான பட்டியலை மட்டுமே திறந்து பார்க்கிறது. எல்லாக் கணினிகளிலும் திறக்கும் வட்டைத் தயாரிப்பது என்றால், தேவையான பட்டியல்கள் அனைத்தையும் எழுதுவதும், அவை ஒவ்வொன்றிலும் பெயர்கள் சிதையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும்தான். வட்டு யார் கைக்குப் போகும், அவர் எந்தக் கணினியில் போடுவார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே இந்தப் பொறுப்பு முழுவதும் எழுதுகிறவருடையது. பெறுகிறவரிடம் 'இந்த நிரலை நிறுவிக்கொள்ளுங்கள்' என்று சொல்ல நேர்ந்தால் வட்டு சரியாகத் தயாரிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வட்டுக்குள் இருக்கும் பட்டியல்கள்

1985ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கரையில் இருந்த ஹை சியரா என்னும் விடுதியில் பல கணினி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் கூடி, எல்லாக் கணினிகளும் படிக்கக்கூடிய ஒரே வட்டு அமைப்பை வகுக்கத் தொடங்கினார்கள். அந்த வரைவு 1986இல் எக்மா-119 என்றும், சிறு திருத்தங்களுடன் 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்றும் தரநிலையாயிற்று. இன்றும் நாம் எழுதும் தரவு வட்டுகளின் அடித்தளம் அதுவே.

அந்தத் தரநிலையை வகுத்தவர்களின் கவனம் வட்டின் ஒவ்வொரு பைட்டிலும் தெரிகிறது. வட்டு 2,048 பைட் கொண்ட துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் 16 துண்டங்கள் கணினிகளின் சொந்தப் பயன்பாட்டுக்கென்று விடப்பட்டு, அடுத்த துண்டத்தில்தான் வட்டின் முகப்புக் குறிப்பு தொடங்குகிறது. அன்றைய கணினிகளில் சில ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலிலும், சில பெரிய பகுதியை முதலிலும் எழுதிவந்தன. எந்தப் பக்கமும் சாயாமல், கோப்பின் இருப்பிடம், அளவு போன்ற எண்களை இரண்டு வரிசையிலும் இரண்டு முறை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கோப்பின் நேரத்தோடு அந்த இடத்தின் நேர வேறுபாட்டையும் 15 நிமிடக் கணக்கில் குறித்துவைக்க இடம் விட்டார்கள். இந்திய நேரமாகிய ஐந்தரை மணி நேர வேறுபாடு அதில் 22 என்ற எண்ணாகப் பதிவாகும்.

ஆனால் பெயர்களில் மட்டும் அந்தத் தரநிலை மிகவும் இறுக்கமானது. அதன் முதல் நிலையில் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 0 முதல் 9 வரையிலான எண்கள், அடிக்கோடு ஆகியவை மட்டுமே. இரண்டாம் நிலையில் பெயர் 31 எழுத்து வரை நீளலாம். கோப்புறைகள் ஒன்றினுள் ஒன்றாக எட்டு அடுக்குக்கு மேல் போகக் கூடாது. தமிழ் எழுத்துக்கு அங்கே இடமே இல்லை. தமிழாசிரியரின் கணினி பார்த்தது இந்தப் பட்டியலைத்தான். இடம் இல்லாத எழுத்துகளுக்குப் பதிலாக எழுதும் நிரல் அடிக்கோடுகளை இட்டு நிரப்பியிருந்தது.

இந்தக் குறையை நீக்க இரண்டு நீட்டிப்புகள் வந்தன. யூனிக்ஸ் உலகத்தார் உருவாக்கிய ராக் ரிட்ஜ், அடிப்படைப் பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் மிச்சமிருக்கும் இடத்தில் கோப்பின் உண்மைப் பெயரையும், உரிமையாளர், அனுமதி போன்ற விவரங்களையும் எழுதி வைக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 காலத்தில் கொண்டுவந்த ஜோலியட், அடிப்படைப் பட்டியலைத் தொடாமல், ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துகளில் முற்றிலும் தனியான இரண்டாவது பட்டியலை எழுதுகிறது. லினக்ஸ் இரண்டையும் படிக்கும். இரண்டும் இருந்தால் ராக் ரிட்ஜையே முதலில் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் ஜோலியட்டைப் படிக்கும், ராக் ரிட்ஜைக் கண்டுகொள்ளாது. ஆகவே இரண்டையும் சேர்த்து எழுதுவதே முறை. கோப்புகள் இரட்டிப்பாகிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். இரண்டு பட்டியல்களும் ஒரே தரவைத்தான் சுட்டுகின்றன, கூடுதலாகச் செலவாவது பட்டியல்களுக்கான சிறிதளவு இடம் மட்டுமே.

மேக் கணினிகளுக்கென்று எச்எஃப்எஸ் என்னும் அவற்றின் சொந்த அமைப்பையும் சேர்த்துக் கலப்பு வட்டாக எழுதும் வழக்கம் முன்பு இருந்தது. 2019இல் வெளிவந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, பழைய எச்எஃப்எஸ் அமைப்பைப் படிப்பதையே நிறுத்திவிட்டது. இன்று அதைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

தமிழ்ப் பெயர்களின் நீளம்

தமிழில் எழுதுகிறவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. பொதுவான வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜோலியட்டில் ஒரு கோப்பின் பெயர், பின்னொட்டையும் சேர்த்து, 64 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. இங்கே குறி என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்து அன்று. ஒருங்குறியில் உயிரெழுத்து, ஆய்தம், அகரமேறிய மெய் ஆகியவை ஒவ்வொரு குறி. புள்ளியோ, கொம்போ, காலோ, விசிறியோ சேர்ந்த எழுத்து எதுவானாலும் இரண்டு குறி. 'க்ஷ' மூன்று குறி. 'ஸ்ரீ' நான்கு குறி. 'கோயில்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறி.

ஒரு பெயரை எடுத்து எண்ணிப் பார்ப்போம். 'திருநெல்வேலி_மாவட்டக்_கல்வெட்டுகள்_முதல்_தொகுதி_மெய்ப்பு_பார்த்தது' என்ற பிடிஎஃப் கோப்பு இருப்பதாகக் கொள்ளுங்கள். புள்ளியையும் மூன்றெழுத்துப் பின்னொட்டையும் சேர்த்து, கண்ணால் எண்ணினால் 43 எழுத்து வருகிறது. 64க்குள் அடங்கிவிட்டது என்று நினைப்போம். குறிகளை எண்ணினால் 70 வருகிறது. பின்னொட்டைக் காப்பாற்றுவதற்காக எழுதும் நிரல் பெயரின் கடைசியில் ஆறு குறிகளை வெட்டினால், பெயர் 'மெய்ப்பு_பார' என்பதோடு நின்றுவிடும். அதே கோப்புறையில் 'மெய்ப்பு_பார்க்காதது' என்று முடியும் இன்னொரு கோப்பு இருந்தால் அதுவும் 'மெய்ப்பு_பார' என்றே ஆகும். மெய்ப்பு பார்த்த கோப்புக்கும் பார்க்காத கோப்புக்கும் ஒரே பெயர். இந்த இடத்தில் சில நிரல்கள் பிழை காட்டி வேலையை நிறுத்திவிடும், அது நல்லது. சில நிரல்கள் தாமாகவே ஓர் எண்ணைச் சேர்த்து வேறுபடுத்திவிட்டு மேலே போய்விடும். பெறுகிறவருக்கு எது எதுவென்று தெரிய வழியே இராது.

ராக் ரிட்ஜில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம் உண்டு. ஒருங்குறியைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால் 85 குறி வரை எழுதலாம். மேற்கண்ட பெயர் 190 பைட்டில் அடங்கிவிடுகிறது. அதனால்தான் லினக்ஸில் எழுதி லினக்ஸிலேயே பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை தென்படுவதே இல்லை.

பின்னொட்டு உட்பட 50 குறிகளுக்குள் பெயரை முடித்துக்கொள்வது என் வழக்கம். நீண்ட தலைப்பு தேவையென்றால் அதை உள்ளடக்கப் பட்டியலில் எழுதலாம். வேறுபடுத்திக் காட்டும் சொல்லைப் பெயரின் முடிவில் வைக்காமல் தொடக்கத்திலேயே வைப்பதும் நல்லது. வெட்டு விழுந்தாலும் அது கடைசியில்தான் விழும்.

அடுத்து, ஒரே மாதிரி தோன்றி வேறாக இருக்கும் பெயர்கள். 'கோ' என்பதை ஒரு மெய்யும் ஓர் ஓகாரக் குறியுமாக எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எச்எஃப்எஸ்ஸுக்குப் பின் மேக் கணினிகளில் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு, பெயர்களை இந்த இரண்டாம் வகையில் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து எடுத்துவந்த 'கோயில்' ஏழு குறியாக வந்து சேரும். லினக்ஸில் நாம் தட்டச்சு செய்யும் ஆறு குறிக் 'கோயில்' அதோடு பொருந்தாது. தேடினால் கிடைக்காது, ஆனால் கண்முன்னே இருக்கும். இதனோடு, ஔகாரத்தின் பின்பகுதியை 'ள' என்ற எழுத்தாகவும், காலை 'ர' என்ற எழுத்தாகவும் தட்டச்சு செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு; 'க' என்ற எழுத்தும் தமிழ் எண் ஒன்றும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. இணையப் பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். பெயர்களை ஒட்டாமல், ஒரே விசைப்பலகையில் ஒரே ஆள் தட்டச்சு செய்வதே இவையெல்லாவற்றுக்கும் எளிய மருந்து. ஏற்கெனவே பெயரிட்ட கோப்புகள் பலரிடமிருந்து வந்து சேர்ந்திருந்தால், பெயர்களை மொத்தமாக மாற்றும் நிரல் ஒன்றைக் கொண்டு, இணைந்த ஒருங்குறி வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் சில குறிகளைப் பெயரில் ஏற்காது: இரண்டு வகைச் சாய்கோடுகள், முக்காற்புள்ளி, உடுக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், கோணக் குறிகள், செங்குத்துக் கோடு. பெயரின் முடிவில் புள்ளியோ வெற்றிடமோ வரக் கூடாது. நாளைக் குறிக்கும்போது சாய்கோட்டை விட்டுவிட்டு, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சிறுகோட்டால் பிரித்து எழுதினால் வரிசையும் தானாகவே சரியாக அமையும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் நம்பி இரண்டு கோப்புகளை வைக்கக் கூடாது. லினக்ஸுக்கு அவை இரண்டு, விண்டோஸுக்கு ஒன்று. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு இடர் இருப்பதால் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் வைத்துவிடலாமே என்று அறிவுரை சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பாட்டின் முதலடியை ஆங்கில எழுத்தில் வைத்தால் 'தலை', 'தாளை', 'தழை' எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். ழகரமும் லகரமும் ளகரமும் வேறுபட்டு நிற்பதுதான் அந்தப் பெயரின் பொருளே. தமிழ்ப் பெயரையே வையுங்கள். அதன் முன்னே மூன்று இலக்க எண்ணும் ஓர் அடிக்கோடும் சேருங்கள். 001, 002 என்று பூச்சியங்களோடு எழுதினால் எல்லாக் கணினிகளிலும் ஒரே வரிசையில் நிற்கும். பூச்சியம் இல்லாவிட்டால் சில இடங்களில் 2க்கு முன்பே 10 வந்துவிடும். இன்னொரு பயனும் உண்டு. எண்ணும் அடிக்கோடும் ஐஎஸ்ஓ 9660 அடிப்படைப் பட்டியலிலும் இடம்பெறக்கூடியவை. ஆகவே ஜோலியட்டையோ ராக் ரிட்ஜையோ அறியாத பழைய கருவியில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் அழிந்தாலும் எண் மட்டும் நிற்கும். அந்த எண்ணை அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுக் கோப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

கோப்புகளுக்கு உள்ளே

பெயர் தெரிந்து கோப்பு திறந்தும் உள்ளே படிக்க முடியாவிட்டால் பயன் இல்லை. தமிழைப் பொறுத்தவரை பழைய எழுத்துருக் குறிமுறைகளே முதல் இடையூறு. பாமினி, டிஸ்கி, டாம், டாப் போன்ற முறைகளில் தட்டச்சு செய்த ஆவணங்கள் அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரியும். வட்டில் எழுதும் முன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூல வடிவம் மாறக் கூடாது என்ற தேவை இருந்தால், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஒன்றை அதனருகில் வையுங்கள். எழுத்துருவை வட்டில் போட்டுவிட்டு நிறுவிக்கொள்ளச் சொல்வது போதாது. பள்ளி, நூலகக் கணினிகளில் நிறுவும் அனுமதி பெரும்பாலும் வாசகருக்கு இருப்பதில்லை.

எளிய உரைக் கோப்புகளை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். வரி முடிவு விண்டோஸில் இரண்டு குறிகள், லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு குறி. 2018இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்புக்கு முந்தைய நோட்பேட், ஒற்றைக் குறியை வரி முடிவாக ஏற்காமல் முழு உரையையும் ஒரே வரியாகக் காட்டும். அதனால் பொதுவான வட்டில் விண்டோஸ் வரி முடிவே பாதுகாப்பானது. மற்றவை அதைப் பொருட்படுத்தாமல் படித்துக்கொள்ளும். படங்களுக்கு ஜேபெக் அல்லது பிஎன்ஜி, ஒலிக்கு எம்பி3 அல்லது வேவ், ஆவணத்துக்குப் பிடிஎஃப். இந்த வட்டத்துக்கு வெளியே போகும்போது ஏன் போகிறோம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

குறுவழி இணைப்புகளை அகற்றிவிட்டு உண்மைக் கோப்பையே வையுங்கள்; லினக்ஸின் இணைப்புகளுக்கு ஜோலியட்டில் இடம் இல்லை. மேக்கும் விண்டோஸும் தமக்காக உருவாக்கிக்கொள்ளும் மறைவுக் கோப்புகளையும் துடைத்தெறியுங்கள். மறைந்திருப்பவை இன்னொரு தளத்தில் மறையாமல் தெரிந்து, பெறுகிறவரைக் குழப்பும்.

எவ்வளவு கொள்ளும், எப்போது யூடிஎஃப்

80 நிமிடக் குறுந்தகட்டில் 3,60,000 துண்டங்கள் உண்டு. அதாவது 73 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் பைட். ஓரடுக்கு டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் விண்டோஸ் அதைச் சுமார் 4.38 என்றே காட்டும். கணக்கிடும் முறை வேறு, வட்டில் குறையேதும் இல்லை. நூறு பைட் கோப்பும் ஒரு முழுத் துண்டத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் கணக்கைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வட்டின் வெளி விளிம்பே கைரேகையும் கீறலும் முதலில் விழும் இடம்.

ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஐஎஸ்ஓ 9660இன் சாதாரண முறை போதாது. மூன்றாம் நிலையில் அதைத் துண்டுகளாக எழுத வழியுண்டு. ஆனால் எல்லாத் தளங்களும் அதை ஒழுங்காகப் படிப்பதாக நம்ப முடியாது. அங்கே யூடிஎஃப் (UDF) என்னும் வேறொரு வட்டு அமைப்பைச் சேர்க்க வேண்டும்; இது எழுத்துக்கான யூடிஎஃப்-8 அன்று. அதன் பெயர்கள் தமிழுக்கும் வசதியானவை. 127 குறி வரை இடமுண்டு. பதிப்புகளில்தான் கவனம் தேவை. 1.02 பதிப்பை விண்டோஸ் 98 முதற்கொண்டு படிக்கும், 2.01 பதிப்பை எக்ஸ்பி முதல் படிக்கும்; 2.50 பதிப்பை விஸ்டாவிலிருந்துதான் படிக்கும். எந்தக் கணினி என்று தெரியாதபோது 1.02 பதிப்பையே தேர்ந்தெடுத்து, அதை ஐஎஸ்ஓ, ஜோலியட் ஆகியவற்றோடு சேர்த்து எழுதுங்கள். புளூ-ரே வட்டுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அதைப் படிக்கும் கணினி எப்படியும் புதியதாகவே இருக்கும்.

எழுதும் முறை

நேரடியாக வட்டில் எழுதாமல், முதலில் முழு வட்டின் உருவத்தையும் ஓர் ஐஎஸ்ஓ கோப்பாகக் கணினியில் உருவாக்குங்கள். பிழையிருந்தால் வட்டு வீணாகாது. சரியாக வந்த கோப்பிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

லினக்ஸில் கே3பி நிரலைப் பயன்படுத்தினால், எழுதும் சாளரத்தில் கோப்பு அமைப்புக்கான பகுதிக்குச் சென்று, லினக்ஸ், விண்டோஸ் இரண்டுக்கும் என்று பொருள்படும் தேர்வைக் குறியுங்கள். ராக் ரிட்ஜும் ஜோலியட்டும் சேர்ந்துவிடும். கட்டளை வரியில் ஸோரிஸோ (xorriso) அல்லது ஜெனிசோஇமேஜ் (genisoimage) பயன்படுத்துவோர், ஜோலியட்டுக்குப் பெரிய ஜே எழுத்தையும், ராக் ரிட்ஜுக்குச் சிறிய ஆர் எழுத்தையும் கொடுக்க வேண்டும். இந்தச் சிறிய, பெரிய வேறுபாடு முக்கியமானது. பெரிய ஆர் கொடுத்தால், உங்கள் கணினியில் இருக்கும் உரிமையாளர் எண்ணும் அனுமதிகளும் அப்படியே வட்டில் ஏறும். உங்களுக்கு மட்டும் படிக்கும் அனுமதி இருந்த கோப்பு, இன்னொருவரின் லினக்ஸ் கணினியில் அனுமதி மறுக்கப்பட்டதாகத் திறக்காமல் நிற்கும். சிறிய ஆர், எல்லோரும் படிக்கலாம் என்று அனுமதியை ஒழுங்குபடுத்தி எழுதும். ஜெனிசோஇமேஜில் உள்ளீட்டுக் குறிமுறை யூடிஎஃப்-8 என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கணினியின் மொழி அமைப்பு வேறாக இருந்தால் ஜோலியட் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் ஐரோப்பிய எழுத்துகளாக உருக்குலைந்துவிடும். வட்டின் பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றாலேயே அமையுங்கள். ஜோலியட்டில் அதற்கு 16 குறிகளே இடம்.

விண்டோஸில் வெற்று வட்டைப் போட்டதும், யூஎஸ்பி போலப் பயன்படுத்துவதா, சிடி டிவிடி கருவிகளில் படிப்பதற்கா என்று கேட்கும். முதல் தேர்வு கவர்ச்சியானது. இழுத்துப் போட்டால் கோப்பு ஏறிவிடும். ஆனால் அது யூடிஎஃப் முறையில் அவ்வப்போது எழுதிச் சேர்க்கும் ஏற்பாடு; சரியாக முடித்து மூடாவிட்டால் மற்றக் கணினிகளில் வெற்று வட்டாகவே தெரியும். பிறருக்குக் கொடுக்கும் வட்டுக்கு எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். கோப்பு அமைப்பை நீங்களே முடிவு செய்ய விரும்பினால் இம்க்பர்ன் என்ற இலவச நிரல் உதவும். ஐஎஸ்ஓ, ஜோலியட், யூடிஎஃப் ஆகியவற்றை வேண்டிய சேர்க்கையில் எழுதவும், யூடிஎஃப் பதிப்பைக் குறிப்பிடவும் அதில் முடியும். மேக்கில் ஹெச்டிஐயூட்டில் (hdiutil) என்னும் கட்டளையின் கலப்பு உருவத் தேர்வில் ஐஎஸ்ஓவையும் ஜோலியட்டையும் கேட்டு வாங்கி, பிறகு ஃபைண்டரிலிருந்து எழுதலாம்.

எந்த நிரலாக இருந்தாலும் வட்டை ஒரே மூச்சில் எழுதி, இறுதியில் மூடிவிடுங்கள். பின்னால் சேர்க்கலாம் என்று அமர்வை, அதாவது ஒரு தடவையில் எழுதும் பகுதியை, மூடாமல் திறந்து வைத்தால், சில கருவிகள் முதல் அமர்வை மட்டும் பார்க்கும், சில கடைசி அமர்வை மட்டும் பார்க்கும். திரும்ப எழுதக்கூடிய வட்டுகளையும் தவிருங்கள். அவற்றின் ஒளித்திருப்பம் குறைவு என்பதால் பழைய கருவிகள் படிக்கத் திணறும். உச்ச வேகத்திலும் எழுத வேண்டாம். டிவிடிக்கு 8 மடங்கு எனக்கு இதுவரை குறை வைத்ததில்லை.

மற்றவர் கண்ணால் பார்ப்பது

எழுதிய கணினியிலேயே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. இன்னொரு கணினி அருகில் இல்லாவிட்டாலும் லினக்ஸில் ஒரு வழி உண்டு. ஐஎஸ்ஓ கோப்பை ஒரு கோப்புறையில் ஏற்றும் கட்டளையில் 'நோராக்' என்ற தேர்வைக் கொடுத்தால், ராக் ரிட்ஜை ஒதுக்கிவிட்டு ஜோலியட் பட்டியலைக் காட்டும்; ஏறத்தாழ விண்டோஸ் பயனர் காணப்போகும் காட்சி அதுவே. அதனோடு 'நோஜோலியட்' என்பதையும் சேர்த்தால் அடிப்படைப் பட்டியல் மட்டும் தெரியும். அங்கே தமிழ் எழுத்துகள் இரா. ஆனால் 001, 002 என்ற எண்கள் வரிசையாக நிற்க வேண்டும். மூன்று காட்சிகளிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா, ஜோலியட் காட்சியில் வெட்டுப்பட்ட பெயர் ஏதேனும் உண்டா என்று கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். அந்தச் சோதனையை அன்று செய்திருந்தால், ஐயாவுக்குப் போகும் முன்பே என் பிழை எனக்குத் தெரிந்திருக்கும்.

பெயர்களுக்குப் பிறகு தரவு. எழுதும் முன் எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்) கணக்கிட்டு, அந்தப் பட்டியலை வட்டின் மேல் அடுக்கிலேயே உரைக் கோப்பாக வையுங்கள். எழுதி முடித்ததும் வட்டை வெளியே எடுத்து மறுபடி போட்டு, வட்டிலிருந்தே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். வெளியே எடுக்காமல் ஒப்பிட்டால் கணினி தன் நினைவகத்தில் இருப்பதையே படித்துச் சரி என்று சொல்லிவிடக்கூடும். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் ஷா256சம் ஆகியவை கூடுதலாக எதையும் நிறுவாமலே இதைச் செய்யும். நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் வட்டுக்கு இந்த எண் சட்டத் தேவையும்கூட; 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்தில் அதைக் குறிப்பிட வேண்டும்.

வட்டின் மேல் அடுக்கில் உள்ளடக்கப் பட்டியல் ஒன்றையும் வையுங்கள். கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள் அமைத்து, உள்ளே தமிழில் ஒவ்வோர் எண்ணுக்கும் முழுத் தலைப்பு, பாடியவர் அல்லது எழுதியவர், ஊர், நாள் ஆகியவற்றை எழுதுங்கள். அதையே ஒரு தாளில் அச்சிட்டு உறைக்குள் செருகுங்கள். ஐயாவுக்கு எழுதிய இரண்டாவது வட்டில் அந்தத் தாளை வைத்தபோது, அவர் கணினியைத் திறக்கும் முன்பே தாளை எடுத்து, இரண்டு பாடகிகளின் பெயரில் நான் செய்திருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். மூன்றாவது வட்டு அந்தத் திருத்தங்களோடு போனது.

வட்டின் முகத்தில் காகிதம் ஒட்ட வேண்டாம். சுழலும்போது எடை ஒருபக்கமாகச் சாயும், நாள்பட்டால் பசை உரியும். குறுந்தகட்டில் தரவு அடுக்கு கீழ்ப்புறத்தில் இல்லை, பெயர் எழுதும் மேற்புறத்து மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. பந்துமுனைப் பேனாவின் அழுத்தமே அதைக் கெடுக்கப் போதும். டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுப் பாதுகாப்பு உண்டு. இரண்டுக்குமே, வட்டுகளுக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால், நடுத்துளையைச் சுற்றியுள்ள ஒளிபுகும் வளையத்தில் வட்டின் எண்ணையும் எழுதிய நாளையும் மட்டும் எழுதுங்கள். மற்ற விவரங்கள் உறையில் இருக்கட்டும்.